மலையும் வேண்டும், கடலும் வேண்டும்: ஸ்கூபா டைவிங்குக்கு ஆறு இடங்கள், ஓர் ஒப்பீடு

மாலத்தீவா, பாலியா, செங்கடலா, அந்தமானா? எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே பதில் இதற்குக் கிடையாது. ஆனால் உங்களுக்குப் பொருந்துகிற பதில் நிச்சயம் ஒன்று உண்டு. பலரும் படங்களைப் பார்த்து இடத்தை முடிவு செய்கிறார்கள். டிக்கெட் போட்ட பிறகுதான் அந்த மாதத்தில் கடல் எப்படி இருக்கும், அங்கே ஓடும் நீரோட்டம் தங்கள் அனுபவத்துக்கு அடங்குமா என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையை மாற்றிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: முதலில் மாதம், அடுத்து உங்கள் பயிற்சி நிலை, அதற்குப் பிறகுதான் இடம்.

டைவிங்கோடு நிறுத்திக்கொள்ளாமல் மலை, காடு, பாலைவனம் என்று கரையிலும் சுற்ற நினைப்பவர்களை மனதில் வைத்தே இந்த ஒப்பீடு. அப்படிப்பட்ட பயணத்தில் முதலில் பார்க்க வேண்டியது, ஆனால் பயணத் திட்டங்களில் கண்ணில் படாமலே போவது, உயரம்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

உயரம். நீருக்கடியில் அழுத்தம் கூடக் கூட, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது முழுதாக வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் கரைந்த வாயு குமிழியாக மாறும். மூட்டு வலியில் தொடங்கி கால் செயலிழப்பது வரை எதுவும் நடக்கலாம். அதனால்தான் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதல், ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் விமானம் ஏற குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்கச் சொல்கிறது. நைட்ரஜன் வெளியேறுவதற்காக மேலேறும் வழியில் கட்டாயமாக நிற்கும் டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிடக் கணிசமாக நீள வேண்டும். 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பார்க்கும் வேலையே இல்லை.

பலருக்கும் விமானக் கணக்கு தெரியும், மலைக் கணக்கு தெரியாது. பறக்கும் விமானத்தின் உள்ளே இருப்பது ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அழுத்தம்தான். எனவே டைவ் முடித்த கையோடு ஜீப்பில் அந்த உயரத்துக்குப் போவதும் விமானம் ஏறுவதும் உடலுக்கு ஒன்றே. 600 மீட்டரைத் தாண்டும் எந்த ஏற்றத்துக்கும் இதே காத்திருப்பைக் கடைப்பிடியுங்கள். மலையை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு வந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

ஆழமும் காற்றும். முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் வரை, அடுத்த நிலையான அட்வான்ஸ்டு 30 மீட்டர் வரை, பொழுதுபோக்கு டைவிங்கின் மொத்த எல்லை 40 மீட்டர். ஆழமான இடம்தான் சிறந்த இடம் என்ற எண்ணம் புதியவர்களிடம் அதிகம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று; 50 பாரை மிச்சம் வைத்தால் கையில் இருப்பது 150 × 12 = 1,800 லிட்டர். புதியவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அது 40 லிட்டராகும், 45 நிமிடம் வரும். 20 மீட்டரில் 60 லிட்டர், 30 நிமிடம். 30 மீட்டரில் 80 லிட்டர், 22 நிமிடம். இறங்குவதும் ஏறுவதும் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதும் இதற்குள்தான் அடங்க வேண்டும். 10 முதல் 15 மீட்டரில் நல்ல பவளப்பாறை இருக்கும் இடம், புதியவருக்கு 30 மீட்டரைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நேரத்தைத் தரும்.

நீரோட்டம். ஆழத்தை டைவ் கம்ப்யூட்டர் காட்டும். நீரோட்டத்தைக் காட்ட எந்தக் கருவியும் கையில் இருக்காது. ஒரே இடம் காலையில் அமைதியாகவும் மதியம் கட்டுக்கடங்காமலும் இருக்கலாம். கீழேயுள்ள ஆறு இடங்களைப் பிரிப்பதில் இதற்குத்தான் பெரிய பங்கு.

மாதம். அதே கடலில் மழைக்காலத்தில் பார்வைத் தூரம் 5 மீட்டராகச் சுருங்கும், தெளிந்த காலத்தில் 30 மீட்டராக விரியும்.

உடன் வருபவர். குழுவில் டைவ் செய்யாதவர் இருந்தால் நாளின் பாதியை அவர் கரையில் கழிக்க வேண்டியிருக்கும். அவருக்கு அங்கே என்ன இருக்கிறது?

அழுத்த அறை. முன்பு சொன்ன குமிழிக் கோளாறான டிகம்ப்ரஷன் நோய் வந்தால் சிகிச்சை அழுத்த அறையில்தான். அது எத்தனை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது, அங்கே போகும் வழியில் மலை குறுக்கிடுகிறதா என்று கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

## டஹாப், சினாய்

எகிப்தின் சினாய் தீபகற்பத்தில், செங்கடலின் அக்காபா வளைகுடாவில் உள்ள டஹாபில் டைவிங் என்பது பெரும்பாலும் கரையிலிருந்து நடந்து இறங்குவது. படகு ஏறத் தேவையில்லை, கடல் குமட்டல் வருபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஊரை ஒட்டிய லைட்ஹவுஸ் பகுதி பயிற்சிக்கு ஏற்ற அமைதியான இடம்.

பெயர் பெற்ற புளூ ஹோல் நூறு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள குழி. அதன் உட்சுவரில் 50 மீட்டருக்கும் கீழே, வெளிக்கடலுக்குத் திறக்கும் ஒரு வளைவு உண்டு. சாதாரணக் காற்றும் ஒற்றைச் சிலிண்டரும் வைத்துக்கொண்டு அந்த வளைவைக் கடக்க முயன்று பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் முடிவெடுக்கும் திறனைக் குலைக்கும், மறுமுனை வெளிச்சம் மிக அருகில் இருப்பதுபோலத் தோன்றும், காற்றோ மேற்பரப்பைவிட ஆறு மடங்குக்கு மேல் வேகமாகக் கரையும். பொழுதுபோக்கு டைவர்களுக்கு அங்கே வேறு வழி இருக்கிறது, அழகானதும் அதுதான். சற்று வடக்கே பெல்ஸ் என்ற இடத்தில், கரையோரப் பாறைப் பிளவுக்குள் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். ஏறத்தாழ 26 முதல் 28 மீட்டரில் பிளவு வெளிக்கடலை நோக்கித் திறக்கும். அங்கிருந்து செங்குத்துப் பாறைச் சுவரை ஒட்டியே மெல்ல மேலேறிக்கொண்டு தெற்கே நீந்தி, 6 அல்லது 7 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மேட்டைத் தாண்டிப் புளூ ஹோலுக்குள் நுழைந்து முடிப்பார்கள். சுவருக்குக் கீழே தரை கண்ணுக்குத் தெரியாது. மிதவைக் கட்டுப்பாடு வசப்படாதவர் அறியாமலே 35, 40 என்று இறங்கிவிடுவார். அட்வான்ஸ்டு சான்றிதழ் இல்லாமல் இந்த வழியைத் தொடக்கூடாது.

எடை விஷயத்திலும் ஒரு விவரம். செங்கடலின் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம், மற்றக் கடல்களில் 35. "உப்பு அதிகம், ரெண்டு கிலோ கூடப் போடுங்க" என்று சொல்வார்கள். உடலும் கருவியும் சேர்ந்து 90 கிலோ என்றால் உப்பினால் மட்டும் கூடுவது அரை கிலோ அளவுதான். மீதி எடையைக் கேட்பது தடிமனான வெட்சூட். பிப்ரவரியில் நீர் 21, 22 டிகிரிக்கு இறங்கும், 5 அல்லது 7 மில்லிமீட்டர் சூட் தேவைப்படும். ஆகஸ்டில் 28 டிகிரி, 3 மில்லிமீட்டர் போதும். எனவே முதல் நாள் எடைச் சோதனையை 50 பார் மட்டும் மிச்சமிருக்கும் சிலிண்டரோடு செய்யுங்கள். அலுமினியச் சிலிண்டர் காலியாகும்போது மிதக்கத் தொடங்கும். நிறைந்த சிலிண்டரோடு சரியாக இருந்த எடை, டைவின் முடிவில் 5 மீட்டரில் நிற்கவிடாமல் மேலே இழுத்துவிடும்.

கரையில் சிவந்த மலைகள் கடலுக்குச் சில நூறு மீட்டர் தள்ளியே எழுகின்றன. வண்ணப் பள்ளத்தாக்கு, 6-ஆம் நூற்றாண்டின் புனித கேத்தரின் மடாலயம் என்று டைவ் செய்யாதவருக்கும் நாட்கள் நிறையும். சிக்கலும் இங்கேதான். சினாய் மலை 2,285 மீட்டர். சூரிய உதயம் பார்க்கும் பயணம் டஹாபிலிருந்து இரவில் கிளம்பி விடியலில் உச்சியை அடையும். அன்று பிற்பகல் டைவ் செய்தவர் 14, 15 மணி நேரத்துக்குள் விமான உயரத்தில் நிற்பார். டைவர்கள் அந்த மலையை ஊர் சேர்ந்த முதல் நாளிலேயே ஏறிவிட வேண்டும், அல்லது நடுவில் ஒரு முழு நாள் கடலைத் தொடாமல் விட வேண்டும்.

திஸ்டில்கார்ம் கப்பலையும் பார்த்துவிட ஆசை இருந்தால் அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். 1941 அக்டோபரில் ஜெர்மன் விமானத் தாக்குதலில் மூழ்கிய பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் அது. மோட்டார் சைக்கிள்களும் லாரிகளும் அடுக்கியபடி ஏறத்தாழ 30 மீட்டரில் கிடக்கிறது. விடிவதற்கு முன் கிளம்பும் நீண்ட படகுப் பயணம், மேலே பலமான நீரோட்டம், கீழே முன்பு சொன்ன 22 நிமிடக் கணக்கு. ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த கலவையான நைட்ராக்ஸுக்கான சான்றிதழ் இங்கே பயன்படும்: 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு எல்லை 34 மீட்டர், கப்பல் அதற்குள் அடங்கிவிடும். நைட்ராக்ஸ் நைட்ரஜன் வரம்பைத்தான் நீட்டிக்கும், சிலிண்டரில் உள்ள காற்றின் அளவைக் கூட்டாது.

## பாலி, அங்கிருந்து கொமோடோ

பாலியின் வடகிழக்கில் துலாம்பென். இங்கேயும் ஒரு போர்க்காலக் கப்பல், ஆனால் திஸ்டில்கார்முக்கு நேர் எதிர். லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவால் தாக்கப்பட்டு இந்தக் கரையில் ஏற்றி விடப்பட்டது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது நிலம் அதிர்ந்து கப்பல் கடலுக்குள் சரிந்தது. கரையிலிருந்து முப்பது மீட்டர் நீந்தினால் எட்டிவிடலாம். மேல் முனை 5 மீட்டருக்குள், கீழ் முனை 30 மீட்டரில். ஓப்பன் வாட்டர் முடித்த மறுநாளே பாதிக் கப்பலைச் சுற்றி வரலாம், முக்கால் மணி நேரம் கூட இருக்கலாம். கப்பல் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் புதியவர் தேர்ந்தெடுக்க வேண்டியது இதைத்தான்.

கடினமான பகுதி, கடலில் கால் வைக்கும் முதல் பத்து மீட்டர். கரை முழுக்க உருண்டையான கறுப்புக் கற்கள், ஒவ்வோர் அலைக்கும் காலடியில் நகரும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னைக் கையில் பிடித்து, மாஸ்க்கை முகத்தில் மாட்டி, ரெகுலேட்டரை வாயில் வைத்து, அலைகளின் இடைவெளி பார்த்துக் கால்களைத் தூக்காமல் உரசியபடி நகருங்கள். இடுப்பளவு நீர் வந்ததும் பிசிடி எனப்படும் மிதவை அங்கியில் காற்றடைத்து மிதந்து, துணையின் தோளைப் பிடித்து ஃபின் மாட்டுங்கள். முழங்கால் அளவில் நின்று ஃபின் மாட்டுபவர்கள்தான் விழுந்து முட்டியை உடைத்துக்கொள்கிறார்கள். தடித்த அடியுள்ள டைவிங் பூட்ஸ் அவசியம். வெறுங்காலில் மாட்டும் ஃபின் இங்கே உதவாது.

பாலிக்கு அருகிலுள்ள நூசா பெனிடா தீவு வேறு கதை. ஜூலை முதல் அக்டோபர் வரை மோலா மோலா எனப்படும் பெரிய சூரிய மீன் அங்கே மேலே வருவதற்குக் காரணமே ஆழத்திலிருந்து எழும் குளிர்நீர். துலாம்பெனில் 27 டிகிரி இருக்கும் அதே வாரத்தில் பெனிடாவில் 20-க்கும் கீழே இறங்கலாம். கீழ்நோக்கி இழுக்கும் நீரோட்டமும் உண்டு. உங்கள் குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டிலோ கீழேயோ போனால் அதுதான் முதல் எச்சரிக்கை. பாறையைப் பிடிக்க முடிந்தால் பிடித்து ஏறுங்கள். முடியாவிட்டால் நேர் மேலே போராடாமல் சுவரை விட்டு விலகிக் கிடைமட்டமாக நீந்தி வெளியேறுங்கள். பிசிடியில் காற்றடைத்திருந்தால் நீரோட்டம் விட்ட கணமே அதைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆபத்து வேகமாக மேலே பாய்வது.

கொமோடோ தேசியப் பூங்காவில் பசிபிக் பெருங்கடல் நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் தீவுகளுக்கு இடையே பாய்கிறது. பத்து போலோங், காசில் ராக் போன்ற இடங்களின் வளத்துக்கும் ஆபத்துக்கும் காரணம் அந்த ஓட்டமே. ஓத நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிடும் வழிகாட்டி இல்லாமல் இறங்கக்கூடாது. ஐம்பது டைவுக்குக் குறைவாக உள்ளவர்களுக்குக் கொமோடோவை நான் பரிந்துரைக்க மாட்டேன். சான்றிதழ் அனுமதிக்கிறது என்பது மட்டும் போதாது. அங்கே படகிலிருந்து இறங்கிய உடனே மேற்பரப்பில் தாமதிக்காமல் கீழே போகவும், முடிவில் 5 மீட்டரில் நின்றபடி, இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் எஸ்எம்பி மிதவையை மேலே விடவும் பழகியிருக்க வேண்டும்.

நிலக்காட்சியில் இந்தோனேசியாவை மிஞ்ச மற்ற ஐந்துக்கும் முடியாது. எரிமலைகள், நெல் வயல் படிக்கட்டுகள், பாடார் தீவின் மூன்று வளைகுடாக் காட்சி, கொமோடோ உடும்புகள். அதனால்தான் உயரக் கணக்கில் தவறுவதும் இங்கே அதிகம். பாத்தூர் எரிமலை 1,717 மீட்டர், அதுவும் நள்ளிரவில் கிளம்பும் ஏற்றம். ஆகுங் 3,000 மீட்டருக்கு மேல். மலை ஏறாதவரும் மாட்டிக்கொள்ளலாம்: துலாம்பெனிலிருந்து உபுட் போகும் ஓட்டுநர், காட்சி நன்றாக இருக்கும் என்று கிந்தாமணி வழியாக அழைத்துப் போனால் சாலை 1,400 மீட்டருக்கு மேல் ஏறும். டைவ் முடித்த நாளில் அம்லாபுரா, சாண்டிடாசா வழியாகக் கடலோரமாகப் போகச் சொல்லுங்கள். கொமோடோ முடித்து ஃபுளோரஸ் தீவுக்குள் கிழக்கே போனாலும் ருத்தெங் ஊர் ஆயிரம் மீட்டருக்கு மேலே, கெலிமுத்து ஏரிகள் 1,600 மீட்டருக்கு மேலே. பாடார் காட்சிமுனை சிறிய ஏற்றம்தான், டைவ் நாளிலும் பயமில்லை.

## மாலத்தீவு

உயரச் சிக்கல் அறவே இல்லாத நாடு, நிலம் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரைத் தாண்டாது. மலை, காடு, பள்ளத்தாக்கு எதுவும் கிடையாது என்பதும் அதே உண்மையின் மறுபக்கம். நடக்க, ஏற, சுற்ற விரும்பும் துணையை ஒரு வாரம் இங்கே அழைத்து வந்தால் மூன்றாம் நாளே சலித்துவிடும். ஸ்நோர்க்கலிங் பிடித்தவருக்கோ தங்கும் தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டே போதும்.

மாலத்தீவுக்குப் பவளத்துக்காகப் போகாதீர்கள், பெரிய உயிரினங்களுக்காகப் போங்கள். 1998-இலும் 2016-இலும் கடல் சூடாகிப் பவளம் பெருமளவு வெளுத்தது. மாண்டா திருக்கை, திமிங்கலச் சுறா, சாம்பல் சுறா ஆகியவைதான் இதன் பலம். பவளவட்டங்களின் விளிம்பை வெட்டிச் செல்லும் வாய்க்கால்களில் நீர் உள்ளே பாயும்போது சுறாக்கள் வாயிலில் கூடும். டைவர்கள் ரீஃப் ஹூக் எனப்படும் கயிறு கட்டிய கொக்கியைச் செத்த பாறையில் மாட்டிக் கொடிபோல நின்று பார்ப்பார்கள். புதியவருக்கு அது தாங்காது. அவர் சிறிய உள்திட்டுகளில் இறங்கலாம், அங்கே அமைதி. சட்டப்படி ஆழ எல்லை 30 மீட்டர்.

பா பவளவட்டத்தின் ஹனிஃபாரு வளைகுடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை மாண்டாக்கள் கூட்டமாக இரை தேடும். அங்கே ஸ்கூபாவுக்குத் தடை, ஸ்நோர்க்கல் மட்டுமே. இதை அறியாமல் டைவ் பேக்கேஜ் வாங்கியவர்கள் ஏமாந்துபோவது உண்டு. டைவ் செய்யாத துணைக்கு அதே இடம் வாழ்நாள் அனுபவமாக அமையலாம். தெளிந்த நீருக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை.

சஃபாரி படகா, தீவில் தங்குவதா? நாளுக்கு மூன்று டைவ் வேண்டும், எல்லோரும் டைவர்கள் என்றால் படகு. ஆனால் ஏழு இரவுப் படகில் டைவிங் ஆறு நாள்கூட வராது; கடைசி நாள் விமானக் கணக்குக்குப் போய்விடும். குழுவில் ஒருவர் டைவ் செய்யாவிட்டாலும் தீவில் தங்குங்கள். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும் என்பதால் மாலையில் இறங்குபவருக்கு ஓர் இரவு கூடுதல் தங்கும் செலவு விழும்.

## அந்தமான்

ஹேவ்லாக் என்று பழகிப்போன ஸ்வராஜ் தீவுதான் மையம். நவம்பர் முதல் மே வரை நல்ல காலம், நீர் 27 முதல் 30 டிகிரி. கரையிலிருந்தே இறங்கும் நீமோ ரீஃப் முதல் டைவுக்கு ஏற்றது. சான்றிதழ் இல்லாதவர் பயிற்சியாளர் துணையோடு 12 மீட்டர் வரை போகும் அறிமுக டைவ் இங்கே எளிதாகக் கிடைக்கும்.

2010 வெப்பத்தில் ஆழமற்ற பவளம் நிறைய அழிந்தது. மீன் திரளும் நல்ல இடங்களான டிக்சன்ஸ் பின்னக்கிள், ஜானிஸ் கார்ஜ் ஆகியவை 18 மீட்டருக்குக் கீழே. எனவே ஓப்பன் வாட்டரோடு போனால் அந்தமானின் சிறந்த பகுதியைப் பார்க்க முடியாது. அங்கேயே அட்வான்ஸ்டு முடிப்பது நல்ல யோசனை. ராதாநகர் கடற்கரை, பாராடாங் சுண்ணாம்புக் குகை, அலையாத்திக் காடு எல்லாம் தாழ்வான இடங்கள். வடக்கே 732 மீட்டர் சேடில் பீக் ஏற நினைத்தால் மட்டும் கணக்குப் பாருங்கள். கப்பல் போக்குவரத்து வானிலையால் நின்றுவிடுவது உண்டு. கடைசி இரவைத் தலைநகரில் வைத்தால் விமானக் காத்திருப்பும் கப்பல் அபாயமும் ஒரே நாளில் தீரும்.

## தாய்லாந்து

கற்றுக்கொள்ளக் கிழக்குப் பக்கத்துக் கோ தாவ் தீவு. நெரிசல்தான் குறை, ஒரே பாறையில் பல படகுகள் நிற்கும். செயில் ராக்கின் செங்குத்துப் பாறைக் குழாய் அங்கே பார்க்க வேண்டிய ஒன்று. நவம்பரைத் தவிர்த்துவிடுங்கள், அந்தப் பக்கம் மழை. மேற்குக் கரையின் சிமிலன் தீவுகளோ மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடப்பட்டிருக்கும். இரு கரைக்கும் பருவம் எதிரெதிர் என்பது இந்த நாட்டின் வசதி. சிமிலன் முடித்தபின் காவோ சோக்கின் சியோவ் லான் ஏரியில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே படகில் கழிக்கும் நாள், உயரமே ஏறாமல் விமானக் காத்திருப்பை நிரப்பும்.

## பொனேர்

கரீபியனின் தெற்கில், புயல்கள் அபூர்வமாகவே தொடும் தீவு. மேற்குக் கரை நெடுக மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் டைவ் இடங்களைக் காட்டும். சிலிண்டர்களைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் இருவராகப் போய் இறங்கலாம். திசைகாட்டி பார்க்கத் தெரிந்த, ஒருவரையொருவர் நம்பும் இணைக்கு இந்தச் சுதந்திரம் வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. புதியவர்கள் இருவர் மட்டும் என்றால் வேண்டாம். 1979 முதல் கடல் பூங்கா. முதல் டைவ் கட்டாயமாக இடத்தோடு பழகும் சோதனை டைவ், கையுறைக்குத் தடை. பெரிய உயிரினங்களை எதிர்பார்க்க வேண்டாம். மிக உயர்ந்த குன்று 241 மீட்டர்தான். பூநாரைகளும் கள்ளிக்காடுமாக அரை நாள் நடைகள் கிடைக்கும், அதற்கு மேல் கரையில் பெரிதாக இல்லை.

## ஒரே பார்வையில்

| இடம் | நல்ல மாதங்கள் | நீர், டிகிரி | பொருந்தும் அனுபவம் | நீரோட்டம் | உயரச் சிக்கல் |
|---|---|---|---|---|---|
| டஹாப் | மார்ச்–மே, செப்டம்பர்–நவம்பர் | 21–28 | எல்லா நிலையும் | குறைவு | மிக அதிகம் |
| துலாம்பென் | ஏப்ரல்–நவம்பர் | 26–29 | புதியவர் முதல் | குறைவு | அதிகம் |
| பெனிடா, கொமோடோ | ஏப்ரல்–நவம்பர் | 20-க்கும் கீழ்–28 | அட்வான்ஸ்டு, 50 டைவ் | மிக அதிகம் | அதிகம் |
| மாலத்தீவு | ஜனவரி–ஏப்ரல். மாண்டாவுக்கு ஜூன்–நவம்பர் | 27–30 | உள்திட்டு புதியவருக்கு, வாய்க்கால் பழகியவருக்கு | நடுத்தரம் முதல் அதிகம் | இல்லை |
| அந்தமான் | நவம்பர்–மே | 27–30 | புதியவர், அட்வான்ஸ்டு | நடுத்தரம் | குறைவு |
| கோ தாவ் | மார்ச்–செப்டம்பர் | 28–30 | கற்பவர் | குறைவு | இல்லை |
| சிமிலன் | நவம்பர்–ஏப்ரல் | 27–29 | அட்வான்ஸ்டு | நடுத்தரம் | இல்லை |
| பொனேர் | ஆண்டு முழுவதும் | 26–29 | தனித்து இறங்கும் இணை | குறைவு | இல்லை |

## விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள்

பேக்கேஜில் "எல்லாம் உள்பட" என்று இருந்தாலும் கடல் பூங்காக் கட்டணம், நைட்ராக்ஸ், டைவ் கம்ப்யூட்டர் வாடகை, 15 லிட்டர் சிலிண்டர் ஆகியவை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். மாலத்தீவில் தீவுக்குப் போகும் விரைவுப்படகோ கடல் விமானமோ பெரிய தொகை. அறை வாடகையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். பொனேரில் வண்டி வாடகை, குளிர்காலச் செங்கடலில் தடித்த சூட் வாடகை, கொமோடோவில் பூங்காக் கட்டணங்கள் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று உண்டு.

சொந்தக் கருவிகள் முழுதும் சேர்ந்தால் 15 கிலோவைத் தாண்டும். முதலில் வாங்க வேண்டியவை மாஸ்க்கும் கம்ப்யூட்டரும்தான். இரண்டும் எடையில்லை, இரண்டையும் வாடகைக்கு எடுப்பதில் தொல்லை அதிகம். ரெகுலேட்டர் சொந்தமாக இருந்தால் அதன் இணைப்பு முனை டின் (DIN) வகையா, யோக் வகையா, அங்குள்ள சிலிண்டருக்குப் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள்.

நாளைத் தின்னும் செலவு மருத்துவப் படிவம். அதில் ஒரு கேள்விக்கு "ஆம்" என்று வந்தாலும் மருத்துவர் கையெழுத்து கேட்கலாம். போன இடத்தில் மருத்துவரைத் தேடினால் முதல் டைவ் நாள் போய்விடும். படிவத்தைப் பயணத்துக்கு முன்பே வாங்கி நிரப்பிவிடுங்கள். பயணக் காப்பீட்டில் டைவிங் இருக்கிறதா என்பதோடு, எத்தனை மீட்டர் வரை என்றும் பாருங்கள். 18 மீட்டரோடு நிறுத்தும் காப்பீட்டை வைத்துக்கொண்டு 30 மீட்டர் கப்பலுக்குப் போவதில் அர்த்தமில்லை.

## யாருக்கு எது?

இதுவரை இறங்கியதே இல்லை, பிடிக்குமா என்றுகூடத் தெரியாது என்றால் அந்தமானில் அறிமுக டைவ். சான்றிதழ் வாங்கத்தான் போகிறேன் என்றால் கோ தாவ் அல்லது டஹாப். படகு ஒத்துக்கொள்ளாதவர் டஹாப். சான்றிதழ் புதிது, துணைக்கு டைவிங் தெரியாது, இருவருக்கும் மலையும் ஊரும் வேண்டும் என்றால் பாலிதான். முதல் நான்கு நாள் உபுட், பாத்தூர்; அடுத்த நான்கு நாள் துலாம்பென்; கடைசி நாள் கடலோரச் சாலையில் மெதுவாகத் திரும்புவது. இந்த வரிசையைத் தலைகீழாகப் போடாதீர்கள்.

இருவரும் டைவர்கள், ஐம்பதுக்கு மேல் டைவ், பெரிய மீன்தான் குறி என்றால் மாலத்தீவுப் படகு. நீரோட்டத்தோடு பழகிவிட்டு, நிலக்காட்சியும் விட்டுப்போகக்கூடாது என்றால் கொமோடோ. குளிர் தாங்காதவர்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை டஹாபைத் தவிர்த்து அந்தமானையோ சிமிலனையோ பார்க்கலாம்.

இடம் முடிவானதும், முன்பணம் கட்டும் முன் டைவ் சென்டருக்கு எழுதிக் கேட்க வேண்டியவை: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை டைவர்? நான்கு என்றால் நல்லது, எட்டு என்றால் புதியவர் யோசிக்க வேண்டும். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? அருகிலுள்ள அழுத்த அறை எங்கே, அது இப்போது இயங்குகிறதா? என் டைவ் எண்ணிக்கைக்கு எந்த இடங்களுக்குக் கூட்டிப்போக மாட்டீர்கள்? கடைசிக் கேள்விக்கு, இன்னின்ன இடம் வேண்டாம் என்று பெயர் சொல்லிக் காரணத்தோடு பதில் எழுதும் சென்டரிடம் பணத்தைக் கட்டுங்கள். "எல்லா இடத்துக்கும் போகலாம், கவலையே வேண்டாம்" என்று பதில் வந்தால் அடுத்த சென்டருக்கு எழுதுங்கள்.